யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்பார்கள்

தம்பி,

நீ போனை எடுப்பதில்லை. எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாய். வாய்தா முடியும்வரை நானும் நீயும் தனியாகப் பேசினால் அது நலன் முரண் என்றாய். சாட்சியைக் கலைத்ததாக நாளைக்கு யாராவது சொல்லலாம் என்றாய். பெட்டியைக் கட்டிலில் திறந்து வைத்து, இஸ்திரி போட்ட சட்டைகளை அடுக்கிக்கொண்டே சொன்னாய். பெற்றவனை அவன் வீட்டிலேயே நின்று சாட்சி என்கிறாய். உன் அம்மா கையில் தோசைக் கரண்டியோடு அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கம்பெனியின் விருந்தினர் அறைக்குப் போய்விட்டாய். தனியாகப் பேசத்தானே தடை. எல்லோருக்கும் கேட்கும்படி பேசுகிறேன். உன் பெயரை எழுதவில்லை. கம்பெனியின் பெயரையும் மலைமேல் இருக்கும் அந்த ஊரின் பெயரையும் எழுதவில்லை. சத்யா என்று நான் எழுதப்போகும் பெண்ணுக்கு அது பெயர் இல்லை. படிக்கிறவர்களுக்கு யாரோ ஒரு அப்பன், யாரோ ஒரு மகன். இந்தப் பத்திரிகை உன் கைக்கு வரும். கம்பெனி வரவேற்பறைக்கு இதை வாங்கிப்போட ஏற்பாடு செய்தவனே நீதான்.

தெரியாதவர்களுக்காக எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் வேன் ஓட்டுகிறவன். வரலாற்றில் எம்.ஏ. கள்ளக்குறிச்சி வேன் ஸ்டாண்டில் அது என் பட்டப்பெயர். விடியும் முன் கச்சிராயபாளையத்தில் வண்டியை எடுத்து, கல்வராயன் மலை ஏறி, வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே இருக்கும் ஊர்களில் பெண்களை ஏற்றிக்கொண்டு இறங்குவேன். கீழே நெடுஞ்சாலையோரம் இருக்கும் ஆயத்த ஆடைக் கம்பெனியில் விடுவேன். மாலையில் திரும்ப ஏற்றிக்கொண்டு போவேன். வண்டி என்னுடையது, ஓட்டம் கம்பெனியுடையது. அதே கம்பெனியில் என் மகன் மனிதவளப் பிரிவில் அதிகாரி. ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருக்கும் ரஹீம் பாய்க்கு இதில் தீராத வேடிக்கை. "எம்மே, ஒம் புள்ளையும் நீயும் ஒரே தொழில்தான்யா. ரெண்டு பேரும் ஆளுங்கள இட்டுக்கினு வந்து வுடறீங்க. அவனுக்கு மட்டும் ஏசி ரூமு" என்பார். நான் சிரிப்பேன். உள்ளுக்குள் பெருமை. பாய் அதற்காகவே அதைத் தினமும் சொன்னார் என்று நினைக்கிறேன். இப்போது சொல்வதில்லை. டீயை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்.

மேலே சிக்னல் கிடையாது. கிடைக்கிற மேட்டுக்கு ஒருவர் நடந்துபோய்ப் பேசிவிட்டு வருவதற்குள் என் வண்டி வந்துவிடும். அதனால் கீழே சொல்லவேண்டியது எதுவானாலும் வேனிடம் சொல்லுவார்கள். என்னிடம் என்று சொல்வதில்லை, வேனிடம் என்பார்கள். மாத்திரை தீர்ந்துபோனது, கரியாலூரில் கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு வலி எடுத்தது, இன்றைக்குக் காய்ச்சல், கம்பெனிக்கு வரமுடியாது. ஒருவரிடம் சொல்லிவிட்டால் சொன்னவர் பொறுப்பு முடிந்தது. கேட்டவர் பொறுப்பு தொடங்குகிறது. மலையில் அப்படித்தான். நீ வேலைக்குச் சேரும்வரை கம்பெனியிலும் அப்படித்தான் நடந்தது. உனக்கு முன் அந்த மேசையில் இருந்தவர் என்னைப் பார்த்ததும் "இன்னிக்கி எத்தினி விக்கெட்டு?" என்று கேட்பார். நான் பெயர்களைச் சொல்லுவேன். அவர் விடுப்பு என்று போட்டுக்கொள்வார்.

நீ அதை மாற்றினாய். மாற்றியது தவறு என்று இன்றும் சொல்லமாட்டேன். ஒரு வேன்காரனின் ஞாபகத்தை நம்பி ஒரு பெண்ணின் வேலை இருக்கக்கூடாது என்றாய். சரிதான். கைபேசிச் செயலியில் விடுப்புப் போடும் முறையைக் கொண்டுவந்தாய். ஒருநாள் காலை நீயே என் வண்டியில் மேலே வந்து, இருக்கை இருக்கையாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தாய். கோமுகி அணைப் பக்கம் இறங்கிய பிறகுதான் எல்லோருடைய போனிலும் அது திறந்தது. மேலே இது வேலை செய்யாதே என்று ஒருத்தி கேட்டாள். இறங்கி வந்து போடுங்கள் என்றாய். "எறங்கி வந்துட்டா அப்புறம் இன்னாத்துக்கு சார் லீவு?" வண்டி முழுக்கச் சிரித்தது. நீயும் சிரித்தாய். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அந்தக் கேள்வியை எல்லோரும் மறந்துவிட்டோம்.

செயலிதான் உன் திட்ட அறிக்கை ஆனது. உங்கள் தொழிலுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. மாணவ உறுப்பினர், இணை உறுப்பினர், முழு உறுப்பினர் என்று அதில் படிகள். ஒவ்வொரு படிக்கும் தேர்வு, அறிக்கை, நேர்காணல். முழு உறுப்பினர் ஆகிவிட்டால் இந்தக் கம்பெனி என்றில்லை, ஓசூரோ சென்னையோ, உன் பெயருக்குப் பின்னால் வரும் அந்த எழுத்துக்களைப் பார்த்தே உட்கார வைப்பார்கள் என்று எனக்கு விளக்கினாய். இணை உறுப்பினர் சான்றிதழ் வாங்க நீ சேலம் போனபோது நானும் வந்தேன். ஓட்டல் மண்டபம். கோட்டுப் போட்டவர்கள். உன் சட்டையில் ஒருவர் சின்னதாகப் பித்தளை வில்லை குத்தினார். வரும்போது பேருந்தில் நான் கேட்டேன், ஆளை எடுப்பதும் அனுப்புவதும்தானே, இதற்கு எதற்குச் சங்கம் என்று. நீ கோபப்படவில்லை. பொறுமையாகச் சொன்னாய். "அது இல்லப்பா. மிஷின்ல ஒக்காந்து கீறவ சொல்றது மேல ஒக்காந்து கீறவனுக்குக் கேக்காது. அத அவன் காதுல போடறதுக்கு ஒருத்தன் வேணும். அவன் பொய் சொல்லக்கூடாது. அதுக்குத்தான் சங்கம்." தியாகதுருகம் வரும்போது நீ தூங்கிவிட்டாய். நான் தூங்கவில்லை. நான் படித்த படிப்பு என்னை எங்கும் சேர்த்துக்கொள்ளவில்லை. என் மகனைச் சேர்த்துக்கொண்டார்கள். அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

பிறகு அந்தக் காலை. மேலே அந்த ஊரில் வண்டி நிற்கும் இடத்தில் பெண்கள் யாரும் பையோடு நிற்கவில்லை. சத்யா மட்டும் தலை வாராமல் வந்தாள். "அண்ணா, பெரியப்பா செத்துட்டாரு. நாங்கல்லாம் பங்காளிங்க. காரியம் முடியறவரைக்கும் ஊர வுட்டு எறங்க மாட்டோம். கம்பெனில சொல்லிடுங்க." சரி என்றேன். அந்த ஊரில் பங்காளி வீட்டுச் சாவு என்றால் அப்படித்தான் என்பது எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும், பள்ளி விடுமுறைகளில் என்னோடு எத்தனை முறை அந்த ஊரில் இறங்கியிருக்கிறாய். கம்பெனி உன்னை வேலைக்கு எடுத்ததே மலை தெரிந்த பையன் என்றுதான். மற்ற ஊர்ப் பெண்களை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன். நீ கண்ணாடி முன்னால் நின்று, முழு உறுப்பினர் நேர்காணலுக்கான பதில்களை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஊரின் பெயரைச் சொல்லி, சாவு, யாரும் வரமாட்டார்கள், காரியம் முடித்துத்தான் இறங்குவார்கள் என்று சொன்னேன். கண்ணாடியில் என்னைப் பார்த்து "சரிப்பா" என்றாய். உன் பதிலை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாய். நடந்தது இவ்வளவுதான். இதற்குமேல் ஒன்றும் இல்லை. இதற்குக் குறைவாகவும் இல்லை.

அந்த மாதம் கம்பெனியில் ஆர்டர் கம்மி. ஆட்களைக் குறைக்கவேண்டும் என்று மேலிடத்தில் பேச்சு இருந்ததை நீயே சாப்பிடும்போது சொல்லியிருந்தாய். யாரையும் அனுப்பினால் சட்டப்படி கொடுக்கவேண்டியதைக் கொடுக்கவேண்டும். தானாகப் போனவளுக்கு எதுவும் கொடுக்கவேண்டியதில்லை. செயலியில் அந்த ஊர்ப் பெண்கள் எல்லோருடைய பெயருக்கும் எதிரே தகவல் இல்லை என்றிருந்தது. எச்சரிக்கைக் கடிதங்கள் போயின. மலைக்குத் தபால் எப்போது போகும் என்பது உனக்குத் தெரியாததா. காரியம் முடிந்து அவர்கள் பையோடு என் வண்டியில் ஏறி வந்தபோது கேட்டில் அடையாள அட்டை வேலை செய்யவில்லை. ஒவ்வொருத்தியாக வைத்துப் பார்த்தார்கள். காவலாளி உள்ளே விடவில்லை. உள்ளேயிருந்து நீ வரவில்லை, அவர்கள் தானாக வேலையை விட்டதாக உன் கையெழுத்துப் போட்ட உத்தரவுகள் வந்தன. வண்டியைத் திருப்பி அவர்களை மறுபடி மலையேற்றினேன். இறங்கும்போது ஒரு பெண் மட்டும் கேட்டாள், நாளைக்கு வண்டி வருமா என்று.

அன்று மாலை உன்னிடம் கேட்டேன். நீ சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தாய். நான் சொன்னேனே என்றேன். அதைக் கொக்கியில் மாட்டிவிட்டு, மெதுவாகத்தான் சொன்னாய். "நீ எனக்கு அப்பாவா சொன்னப்பா. வேன்காரனா ஆபீஸ்ல வந்து சொல்லலியே. வூட்ல சொல்றதெல்லாம் தகவல் ஆவாது." அதற்கு இன்றுவரை பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். சட்டம் படித்தவர்கள் உன் பக்கம் இருக்கலாம். சமையலறைக்கும் அலுவலகத்துக்கும் நடுவே ஒரு கோடு இருப்பது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் தம்பி, சத்யா என்னிடம் சொன்னபோது நான் வேன்காரன். உன்னிடம் வந்து சொன்னபோதும் நான் வேன்காரன்தான். சட்டை மாற்றவில்லை, சாவிகூட கையில்தான் இருந்தது. எந்த இடத்தில் நான் அப்பாவாக மாறினேன், எந்த வளைவில் அவள் சொன்ன சொல் கீழே விழுந்தது, எனக்குப் புரியவில்லை. வண்டி ஓட்டும்போதெல்லாம் அதைத்தான் பார்த்துக்கொண்டு போகிறேன்.

அந்தப் பெண்கள் தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்தார்கள். அங்கே முதல் பேச்சு நடந்த அன்று அவர்களைக் கூட்டிவந்தது நான்தான். வேறு யார் கூட்டிவருவார்கள். நீ உன் மேலாளரோடு காரில் வந்தாய். நான் வராந்தாவில் நின்றேன், கதவு திறந்திருந்தது. எந்தத் தகவலும் வரவில்லை என்று நீ சொன்னாய். குரல் நடுங்கவில்லை, அதை நான் கவனித்தேன், கவனித்ததற்காக என்னை நானே வெறுத்தேன். சத்யா எழுந்து, வேன் அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் போனோம் என்றாள். வேன்காரர் கம்பெனி ஊழியர் இல்லை என்றார் உன் மேலாளர். தொழிலாளர் அதிகாரி அவளிடமே கேட்டார், அந்த வேன்காரர் யாரிடம் சொன்னார் என்று. அவள் உன்னைப் பார்த்தாள். நீ மேசையைப் பார்த்தாய். "தெரியாது சார்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். அடுத்த வாய்தாவுக்கு வேன்காரரை அழைத்து வாருங்கள் என்றார் அதிகாரி. நான் பத்தடி தூரத்தில்தான் நின்றிருந்தேன். அவருக்கு என்னைத் தெரியாது.

அவளுக்குத் தெரியும். நீ யார் மகன் என்பது மலையில் தெரியாதவர்கள் இல்லை. உன்னைச் சின்னப் பையனாக வண்டியில் பார்த்தவர்கள். உனக்குப் பலாச்சுளை உரித்துக்கொடுத்தவர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்கள் வழக்கு அன்றே பாதி முடிந்திருக்கும். திரும்பும்போது வண்டியை ஓரம் நிறுத்திவிட்டு அவளிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவளுக்கு என் கேள்வியே விநோதமாக இருந்தது. "புள்ளய அப்பன் முன்னாடி வெச்சி எப்பிடிண்ணா காட்டிக் குடுக்கறது? நீங்க உங்க வூட்ல பேசிக்கினு சொல்லுங்க. நாங்க இருக்கறோம்." நாங்கள் இருக்கிறோம் என்றாள். கம்பு விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பதைப்போல. அவர்களில் ஒருத்தி அதற்குள் கணவனோடு மிளகு பறிக்கக் கேரளாவுக்குப் போய்விட்டாள். இன்னொருத்தி பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டாள். மற்றவர்கள் இருக்கிறார்கள். நாம் வீட்டில் பேசி முடிப்போம் என்று நம்பிக்கொண்டு. நீ வீட்டிலேயே இல்லை, தம்பி.

உன் அம்மா என் பக்கம் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். அவள் உன் பக்கம்கூட இல்லை, உனக்கு முன்னால் நிற்கிறாள். நீ போன மறுநாள் நான் சாப்பிடாமல் எழுந்தபோது கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "உன் வாய்ல வந்துதான் எம் புள்ள கெடணுமா? கேட்டா மறந்துட்டேன்னு சொல்லு. வயசாவுது, மறக்காதா?" எனக்கு மறந்துவிட வேண்டும் என்று அவள் கோயிலில் வேண்டிக்கொண்டிருக்கிறாள். சிரிப்பாக இருக்கிறதா. நானும் முயன்றேன். மலைப்பாதையில் தனியாக ஏறும்போது, மறந்துவிட்டது சார், ஞாபகம் இல்லை சார் என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன், நீ கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்ததைப் போல. ஒவ்வொரு முறையும் அதன் பின்னாலேயே உன் "சரிப்பா" வருகிறது. அந்த ஒரு சொல்லை மட்டும் நீ எனக்குச் சொல்லாமல் இருந்திருக்கலாம். கேட்காததுபோல இருந்திருந்தால், நான் சொன்னது உன் காதில் விழவில்லை என்று நானே நம்பியிருப்பேன். அப்படி நம்பிச் சத்தியமும் செய்திருப்பேன்.

உண்மையைச் சொன்னால் உனக்கு நல்லது நடக்கும் என்று நான் எழுதமாட்டேன். நடக்காது. வேலை போகலாம். செயலித் திட்டத்தின் ஓட்டை வெளியே வரும். அதை வைத்துத்தான் நேர்காணலில் தேறினாய். சான்றிதழை நிறுத்திவைத்து விளக்கம் கேட்பார்கள். உங்கள் சங்கத்தின் நடத்தை விதிகளை உன் மேசையிலிருந்து எடுத்து நானும் படித்தேன், மன்னித்துக்கொள். அதில் மேலாளர் சொன்னார் என்பது காரணமாக எங்கும் இல்லை. தகவல் வரவில்லை என்று உன்னைச் சொல்லச் சொன்ன அந்த மேலாளர்தான் சங்கத்தில் உனக்குப் பரிந்துரை எழுதியவர் என்பதும் எனக்குத் தெரியும். அவர் உன்னைக் கைவிடுவார். இந்தத் தொழில் சின்னது, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்று நீயே சொல்வாய். மூங்கில்துறைப்பட்டில் கரும்பு வண்டி ஓட்டுகிறவர்களைப் போலத்தான் நீங்களும், ஒருவன் அச்சு முறிந்து நின்றால் அடுத்த சந்தைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஏறு என்று உன்னிடம் சொன்னவன் நான்தான். இப்போது இறங்கு என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. இறங்கு என்று சொல்லவும் இல்லை. நீ ஏறிய அந்தப் படி எதன்மேல் நிற்கிறது என்று ஒருமுறை குனிந்து பார் என்கிறேன். சங்கத்தில் உறுப்பினர் ஆவது என்றால் உன் பெயருக்குப் பின்னால் எழுத்து சேர்வது என்று நினைத்திருந்தேன். பேருந்தில் நீ சொன்னது அது இல்லை. மிஷினில் உட்கார்ந்திருப்பவள் சொன்னதை மேலே உட்கார்ந்திருப்பவன் காதில் போடுவது என்றாய். போடவில்லை, தம்பி. உன் கையில் வந்து நின்றுபோய்விட்டது. இன்னும் அங்கேதான் இருக்கிறது. கெட்டுப்போகவில்லை. இப்போதும் போடலாம்.

எனக்கு உன்னிடம் கேட்க வேறு வழி தெரியவில்லை. கம்பெனிப் போக்குவரத்து மேலாளர் போன வாரம் வந்து, வண்டி ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம் இது என்று நினைவூட்டிவிட்டுப் போனார். அது எனக்குப் பயமாக இல்லை. கருணாபுரத்தில் ஆட்டோ ஓட்டியாவது பிழைப்பேன். பயம் வேறு. வாய்தா அன்று அதிகாரி என் பெயரைக் கேட்பார். தொழிலைக் கேட்பார். அந்தப் பெண்கள் உங்களிடம் சொன்னார்களா என்பார், சொன்னார்கள் என்பேன். பிறகு அந்தக் கேள்வி. யாரிடம் சொன்னீர்கள். என்னால் தெரியாது என்று சொல்லமுடியாது. சத்யா அப்படிச் சொன்னாள், அவள் சொன்னது உன்னை மறைக்க. நான் அதையே சொன்னால் அது அவளை விற்பது. ஆகவே நான் சொல்லிவிடுவேன். விரலை நீட்டவேண்டியிருக்கும். நீ எனக்கு நேரெதிரே உட்கார்ந்திருப்பாய். அதற்குப் பிறகு நான் எந்த முகத்தோடு உன் அம்மா முன் போய்ச் சாப்பாட்டுக்கு உட்காருவேன் என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குக் கல்யாணம் ஆகும், பிள்ளை பிறக்கும். என் தாத்தா என்ன செய்தார் என்று அது கேட்கும்.

என் பெயரைக் கூப்பிடுவதற்கு முன் கொஞ்ச நேரம் இருக்கும். கோப்பைத் தேடுவார்கள். யாராவது தண்ணீர் கேட்பார்கள். உன் மேலாளர் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் நீ எழுந்து, எனக்குத் தகவல் வந்தது சார் என்று சொல். யார் மூலம் என்றுகூடச் சொல்லவேண்டாம். வந்தது என்று மட்டும். அதற்குப் பிறகு நடப்பது எதுவானாலும் வெளியே வண்டியோடு நிற்பேன், நீ ஏறிக்கொள்ளலாம். பேசவேண்டியதில்லை. இதைத் தவிர உன்னிடம் இந்த ஜென்மத்தில் நான் எதுவும் கேட்கவில்லை, இனியும் கேட்கமாட்டேன்.

நீ எழவில்லை என்றால் நான் எழுவேன். என்னை எழவிடாதே, சாமி.

உன் அப்பா